சிரிக்காதவன் மேல் சந்தேகம்

மூக்காண்டிகுளத்தில் யோசிக்கிற ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ஊருக்கு வந்த சங்கடமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அங்கே சுடலைக்கண்ணு என்று ஒருத்தர். ஒரு கிடாயும் ஒரு வெள்ளாடும் வைத்திருந்தார். கிடாய் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தான் தின்கிற வாழைப்பழத்தில் பாதி அதற்குத்தான். ஒருநாள் கிடாயைக் காணோம், கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது. மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்த்தலைவர் அணைஞ்சபெருமாள் சும்மா இருப்பாரா? டவுனிலிருந்து ஆள் வரவழைத்து, ஊர் நடுவே மந்தை வேப்பமரத்தில் ஒரு கேமராவை மாட்டி, தன் வீட்டு டிவியில் படம் தெரிகிற மாதிரி செய்துவிட்டார். வந்த ஆள் போகும்போது மரத்தில் ஒரு போர்டையும் அடித்துவிட்டுப் போனான்: 'சிரியுங்கள். நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.'

ஊரிலேயே விவரமானவர் என்று பேர் வாங்கிய சங்குமணி அதற்கு விளக்கம் சொன்னார். "சிரிச்சா நல்லவன். சிரிக்காதவன் எதையோ மறைக்கான். கேமராவுக்கு அது தெரிஞ்சிரும்."

அன்றிலிருந்து மந்தையில் ஒரே சிரிப்பு. குழாயடியில் மதினியும் நாத்தனாரும் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடியே சண்டை போட்டார்கள். பல்வலிக்காரர் ஒருத்தர் வீங்கின கன்னத்தைக் கையால் இழுத்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வைத்தியரிடம் போனார்.

அந்த நேரம் பார்த்து வயசாளி மாசானம் செத்துப்போனார். பிள்ளைகள் இளித்துக்கொண்டே அழுதார்கள். பாடை மந்தைக்கு வந்ததும் தலைவர் நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் சிரிக்கீங்க, சரி. பெரியவர் சிரிக்கலையே."

"அவரு செத்துட்டாருல்லா, அண்ணாச்சி," என்றான் மூத்த மகன், சிரிப்பு குறையாமல்.

"அது கேமராவுக்குத் தெரியுமா?"

பாடையை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள். கடைசியில் சங்குமணி தொண்டையைச் செருமினார். "மாசானத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போர்டை வாசிக்காத ஆள் மேல குத்தம் சொல்ல முடியாது." நியாயந்தான் என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் சுடலைக்கண்ணு மூணாம் வகுப்பு படித்தவர். தப்பிக்க வழியில்லை. தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கேமரா வந்த நாள்லேருந்து நீ ஒரு தடவைகூடச் சிரிக்கல. டிவியில பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். உண்மையைச் சொல்லிரு. கிடாயைத் திருடினது நீதானா?"

"என் கிடாயை நான் எதுக்கு அண்ணாச்சி திருடப் போறேன்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கோம்," என்றார் சங்குமணி.

சுடலைக்கண்ணுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறிப் பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பெண்டாட்டி மாடத்தி, "என்னத்தத் தேடுதீக?" என்று கேட்டாள்.

"நான் திருடியிருந்தா எங்க ஒளிச்சு வச்சிருப்பேன்னு பாக்கேன்."

எங்கேயும் இல்லை என்றதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. திருடன் என்ற பேரும் வந்தது, கிடாயும் இல்லை.

ஊர் கூடித் தீர்ப்பு சொன்னது. நல்லவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று டிவியைப் பார்த்துச் சுடலைக்கண்ணு பழக வேண்டும். மறுநாள் மத்தியானம், மிச்சமிருந்த வெள்ளாட்டைப் பத்திரமாகக் கேமராவுக்கு நேரே கட்டிவிட்டுத் தலைவர் வீட்டில் போய் உட்கார்ந்தார். அவர் பழகுவதைப் பார்க்க ஊரே அங்கே வந்துவிட்டது. மந்தையில் ஒரு ஈ காக்காய் இல்லை.

டிவியில் ஒரு வெளியூர்க்காரன் தெரிந்தான். நின்று போர்டை வாசித்தான். கேமராவைப் பார்த்து வாய் காது வரைக்கும் போகச் சிரித்தான்.

"என்ன மரியாதை பாரு," என்றார் தலைவர்.

வந்தவன் ஆட்டை அவிழ்த்தான்.

"அண்ணாச்சி, அது என் ஆடு."

"ஆட்டைப் பாக்காதே. சிரிப்பைப் பாரு. அப்படிச் சிரிக்கணும்."

சுடலைக்கண்ணு உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். பல் தெரிந்ததே தவிர சிரிப்பு வரவில்லை. அதற்குள் அந்த ஆள் மரத்தில் ஏறிவிட்டான். சிரிப்பு பெரிசாகிப் பெரிசாகி டிவி முழுக்க நிறைந்தது. பிறகு எல்லாம் கறுப்பு.



"இருட்டிட்டு," என்றார் சங்குமணி.

சுடலைக்கண்ணு வாசலைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. "இப்பத்தானே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம்?"

"கூசுத கண்ணுக்கு என்ன தெரியும்? கேமராவுக்குக் கண்ணு கூசாது. அது இருட்டுன்னா இருட்டுதான்."

"என் ஆட்டைத் தேடணுமே."

"இந்த ராத்திரியில எங்க போய்த் தேடுவே?" என்றார் தலைவர் கனிவாக. "விடியட்டும்."

ஊரே போய்ப் பாயை விரித்தது. சுடலைக்கண்ணு முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். பக்கத்தில் மாடத்தி முந்தானையால் விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோனாள்.

"என்னங்க, இந்தச் சூடு சுடுது?"

"நிலா காயுதுல்லா," என்று சொல்லிவிட்டு அவர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.