மூன்று சோழிக்குக் கேட்ட வீடு

முன்னொரு காலத்தில், எவ்வளவு முன்னே என்றால், மேகங்கள் இறங்கி வந்து வயல் வரப்பில் சற்றுப் படுத்துவிட்டுப் போன காலத்தில், கடலோரமாக ஏழிலைப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சோலையன் என்று ஒரு தச்சன். அவன் மனைவி மருதாயி, மாட்டுத் தரகர் மகள்.

சோலையன் ஓர் இலுப்பை மரத்தை அறுத்து, அந்த ஒரே மரத்தில் கதவும் நிலையும் உத்தரமும் செய்து ஒரு வீடு கட்டினான். என்ன மரமோ தெரியாது, அந்த வீட்டில் கண்ணயர்ந்தவர்களுக்குத் தாங்கள் தொலைத்தது கனவில் வரும். காணாமல் போன கன்றைத் தேடி வந்த ஒருவர் அங்கே படுத்தார், கன்று மேய்ந்துகொண்டிருந்த ஓடைக்கரையைக் கனவில் பார்த்தார். எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு நாள், மருதாயி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், புழுதி நிறத்தில் சடை வைத்த ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றார். இந்த வீட்டை எனக்குக் கொடு என்றார். என்ன தருவீர் என்று சோலையன் கேட்டான். கிழவர் உள்ளங்கையை விரித்தார். மூன்று சோழி இருந்தது.

சோலையன் நல்லவன்தான். ஆனால் நாலு பேர் சுற்றி நின்றால் அவனுக்கு வாய் நிற்காது. “மூன்று சோழிக்கு இந்தக் கதவின் நாதாங்கி நிழல்தான் வரும், பெரியவரே. வெயில் ஏறட்டும், நிழல் விழும்போது அள்ளிக்கொண்டு போங்கள்” என்றான்.

தெருவே சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மரம் வெட்டக் காட்டுக்குப் போன சோலையன் திரும்பவில்லை. அவன் மரம் செதுக்கும் வாய்ச்சி மட்டும் ஒற்றையடிப் பாதையில் கிடந்தது.

ஆறு மாதம் ஆயிற்று, ஆறு வருஷம் ஆயிற்று, ஏழாவது வருஷமும் பிறந்தது. மருதாயி கண் மூடினால் கனவில் சோலையன் வருவான். வாசலுக்கு வெளியே நிற்பான். வாய் அசையும், சத்தம் வராது. அவள் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். தெரு வெறுமையாகக் கிடக்கும்.

அப்போது ஒரு செய்தி வந்தது. மாயத்தில் மறைந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கிறார்களாம். ஏழு வருஷத்துக்கு ஒரு கப்பல் அங்கே போகுமாம். வருகிற பௌர்ணமி நாளில், உச்சி வெயிலில் புறப்படுகிறதாம். கூலி நூறு பொன்.

மருதாயியிடம் இருந்தது வீடு ஒன்றுதான். புருஷனைத் தேடிப் போக வேண்டும் என்றால் அவன் கட்டிய வீட்டை விற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வீடு விற்கிறேன் என்று ஊருக்குச் சொன்னாள்.

ஆட்கள் வந்தார்கள். வாசல் தெற்குப் பார்க்கிறதே என்றார் ஒருவர். கிணற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது, பாதி விலைக்குத் தருவாயா என்றார் இன்னொருவர். கால் விலை பேசிவிட்டு, அந்த ஊஞ்சலையும் சேர்த்துக் கொடு என்றார் மூன்றாமவர்.

மருதாயிக்குத் தெரிந்த வியாபாரம் மாட்டுச் சந்தை வியாபாரம். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். குறைத்துக் கேட்டவனுக்கும் அவமானம் இல்லை, மறுத்தவனுக்கும் பகை இல்லை. வந்தவர் யாராக இருந்தாலும் மருதாயி துண்டை விரித்தாள், கையை உள்ளே விட்டாள், சிரிக்கவில்லை. “கட்டுப்படியாகாதுங்க” என்று சொல்லி, வெற்றிலை கொடுத்து அனுப்பினாள்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் ஒரு நாரை வந்தது. நெட்டைக் காலை எடுத்து எடுத்து வைத்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தது.

“மூன்றாவது உத்தரம் ஒரு விரற்கடை குறைவு. ஆப்பு வைத்து மறைத்திருக்கிறது” என்றது.

பக்கத்து வீட்டு அங்கம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நாரைக்கு வீடு எதுக்குடி, மீன் காயப்போடவா என்று கேட்டாள். மருதாயி துண்டை விரித்தாள், கையை உள்ளே விட்டாள், சிரிக்கவில்லை. உள்ளே ஓர் இறகு வந்து பட்டது. இறகு கதகதப்பாக இருந்தது. மூன்று சோழி அவள் கையில் விழுந்தது.

கட்டுப்படியாகாதுங்க என்று சோழியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அன்று மாலை ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். மூன்றாவது உத்தரத்தில் ஆப்பு இருந்தது. அவளுக்கே அது தெரியாது.

மறுநாள் ஒரு கரடி வந்தது. பின்கட்டு வரைக்கும் மோந்து பார்த்தது.

“பின்கதவு மழைக்காலத்தில் இறுகும். இடது காலால் கீழே ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும்” என்றது.

மருதாயி துண்டை விரித்தாள், கையை உள்ளே விட்டாள், சிரிக்கவில்லை. மயிர் அடர்ந்த பாதம் வந்தது. அது அவள் கைக்குள் இருக்க இருக்க, மயிர் குறைந்து இரண்டு விரல்கள் மனித விரல்களாயின. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். வெளியே பார்த்தால் கரடிதான். கீழே சிதறிய மூன்று சோழியைக் கவ்விக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுப் போயிற்று. அது போன பிறகும் அவள் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பல்லக்கு வந்து நின்றது. பட்டு உடுத்திய ஒரு வியாபாரி இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை, குறை சொல்லவில்லை. இருநூறு பொன்னைக் கூடத்தில் கொட்டினார்.

“கொடுத்தேன் என்று ஒரு சொல் சொல். போதும்” என்றார்.

மருதாயி துண்டை விரித்தாள். வியாபாரி முகம் சுளித்தார். மாட்டுச் சந்தை வழக்கமெல்லாம் தனக்கு ஆகாது என்றார். துறையில் கப்பல் சங்கு ஒரு தரம் ஊதிற்று.

“ஏடி, பொன்னை அள்ளுடி. கப்பல் உனக்காகக் காத்திருக்குமா?” என்றாள் அங்கம்மா.

மருதாயி குனிந்தாள். பொன்மேல் கை படப் போகும் நேரம், வாசற்படியில் ஏதோ முட்டுகிற சத்தம் கேட்டது. ஓர் ஆமை. படி ஏற முடியாமல் முட்டிக்கொண்டிருந்தது.

“நிலைக்கு உள்பக்கம் ஒரு பூ செதுக்கியிருக்கிறது. வருஷத்துக்கு ஓர் இதழாக ஆறு இதழ். ஏழாவது இதழ் பாக்கி” என்றது ஆமை.

கல்யாணமான நாளிலிருந்து சோலையன் வருஷத்துக்கு ஓர் இதழ் செதுக்கி வந்தான். அந்தப் பூ இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சங்கு இரண்டாம் தரம் ஊதிற்று.

மருதாயி படியில் உட்கார்ந்தாள். துண்டை விரித்தாள், கையை உள்ளே விட்டாள், சிரிக்கவில்லை. சொரசொரத்த தோல் பட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தோல் மெல்ல மெல்ல இளகிற்று. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். காய்ப்பு ஏறிய உள்ளங்கை. கடைசியில் சுண்டுவிரல், உளி பட்டு நுனி போன சுண்டுவிரல். அந்தக் கையில் மூன்று சோழி.

வியாபாரி இன்னொரு பையை அவிழ்த்தார். முந்நூறு, நானூறு என்றார். சங்கு மூன்றாம் தரம் ஊதிற்று. இனி ஏழு வருஷத்துக்குக் கப்பல் இல்லை.

மருதாயி சோழியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வீடு உங்களுக்குத்தான். மனசாரக் கொடுத்தேன்” என்றாள்.

துண்டு தானாக விலகி விழுந்தது. அவள் பிடித்திருந்த கையிலிருந்து தோள் வந்தது, தோளிலிருந்து முகம் வந்தது. ஆமை ஓடு உமிபோல உதிர்ந்து காற்றில் போயிற்று. தாடி வளர்ந்து, இளைத்துப் போய், சோலையன் படியில் உட்கார்ந்திருந்தான்.

“எவ்வளவு நேரம் புள்ள யோசிக்கிற?” என்றான்.

கூடத்தில் பொன் இல்லை. சருகு கிடந்தது. பட்டு உடுத்திய வியாபாரியும் இல்லை. புழுதிச் சடைக் கிழவர் நின்றார். மந்திரத்தில் வந்த பொன் அந்த மந்திரம் இருக்கும் வரைதான் பொன்.

சோலையன் நடந்ததைச் சொன்னான். காட்டில் கிழவர் எதிரே வந்து, இதே மூன்று சோழியை அவன் கையில் வைத்து மூடினாராம். இனி உனக்கு நாளுக்கு ஓர் உடல், விலை கேட்கவும் குறை சொல்லவும் மட்டும் வாய். உன் வீட்டை நீயே கேட்டு அலை. யாராவது உன்னைப் பார்த்துச் சிரிக்காமல் இந்த விலைக்குக் கொடுத்தால் மனிதனாவாய். வீடு வேறு கைக்குப் போனால் இப்படியே கிடப்பாய் என்றாராம். ஏழு வருஷமாக எத்தனையோ உடலில் வந்தானாம். தெருமுனை தாண்டுவதற்குள் கல்லெறிந்து துரத்தினார்களாம். வீடு விற்பனைக்கு என்று சொன்ன பிறகுதான் வாசல் வரைக்கும் விட்டார்களாம்.

கேட்டதும் தெருக்காரர்கள் கல்லைப் பொறுக்கினார்கள். மருதாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அன்றைக்கு ஏன் மூன்று சோழிக்குக் கேட்டீர்கள்? இந்தப் பொன்னை அப்போதே கொட்டியிருக்கலாமே?” என்று கிழவரைக் கேட்டாள்.

கிழவர் ஒரு சருகைக் குனிந்து எடுத்தார். “இதெல்லாம் வரவழைத்தது, அம்மா. என்னுடையது என்று நிஜமாக இருந்தது அந்த மூன்றுதான். சின்ன வயசில் என் தாய் விளையாடக் கொடுத்தது. முந்நூறு வருஷமாக எனக்குக் கனவே இல்லை. அவள் முகம் மறந்து போயிற்று” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சோலையன் எழுந்து போய் அவர் முன்னால் நின்றான். நான் அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றான்.

“தூங்குவதற்கு வீட்டை வாங்க வேண்டுமா?” என்றாள் மருதாயி. “வந்து படுங்கள்.”

கூடத்தில் பாய் விரித்தாள். கிழவர் சுருண்டு படுத்தார். ஆறு இதழ்ப் பூவுக்குக் கீழே, பொழுது சாயும் வரை தூங்கினார். எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது. “சோற்றைச் சிந்தினேன் என்று அடித்தாள்” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அன்றோடு மந்திரமெல்லாம் அவரை விட்டுப் போயிற்று. அவர் தேடவும் இல்லை. மருதாயி மூன்று சோழியையும் அவர் கையில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் சோலையன் ஏழாவது இதழைச் செதுக்கினான்.

பிறகும் அந்த வீட்டுக்கு விலை கேட்டு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மருதாயி துண்டை விரிப்பாள், கையை உள்ளே விடுவாள், சிரிக்க மாட்டாள். வாங்கியவர் அவர், அவரைக் கேளுங்கள் என்பாள். சோலையன் உளியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று சோழிக்கு வாங்கியது, கூடுதலாக விற்க மனசில்லை என்பான். வந்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, அரை நாழிகை அங்கேயே கண்ணயர்ந்துவிட்டுப் போவார். தான் தொலைத்தது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவார்.