மஞ்சள் தண்ணீரில் வெந்த கவசம்

முன்னொரு காலத்தில், ஆறுகளுக்குப் பேர் வைத்து முடித்து, காடுகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்தில், பொன்னூற்று தேசத்தை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஆயுதசாலை இரும்பையெல்லாம் உருக்கி, அரசியின் மயில்களுக்குக் கூண்டு செய்து போட்டான். கூண்டு முடிந்த கையோடு பகைவன் எல்லையில் வந்து கூடாரம் அடித்தான். வீரர்களுக்குக் கட்டிக்கொள்ளக் கவசம் இல்லை.

"என்ன மந்திரி செய்யலாம்?" என்றான் ராஜா.

மந்திரி சாத்தப்பன் தலையைச் சொறிந்தார். "மயில்களைப் போருக்கு அனுப்பலாம் மகாராஜா. மனசு வரவில்லையென்றால், தோலில் கவசம் செய்யலாம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பலே! அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளட்டும்!" என்று உத்தரவு போட்டு, மந்திரியின் முதுகிலும் தட்டினான்.

அந்தத் தட்டு விழுந்தது மந்திரி முதுகில். எரிந்தது திருமேனிநாதர் வயிறு. அவர் அரண்மனையின் ஆசார அதிகாரி. சபைக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று வாசலில் நின்று சொல்வதுதான் அவர் வேலை.

வீரர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தடித்த தோலை, நெல் அவிக்கிற அண்டாவில், கொதி வருவதற்கு முன்பே முக்கி எடுத்தார்கள். மார்பு வளைவு வருவதற்காகப் பானை வயிற்றின்மேல் இழுத்துக் கட்டி நிழலில் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு தேன்மெழுகை உருக்கித் தேய்த்தார்கள். வீரர் தலைவன் உடையாண்டியின் கவசத்தை அவன் மனைவி காத்தாயி அரிவாளால் ஓங்கிக் கொத்திப் பார்த்தாள். அரிவாள்தான் வழுக்கியது.

ராஜா முன்னால் அம்பு விட்டுச் சோதிக்க வேண்டும் என்று எல்லாரும் கவசத்தைச் சுமந்து வந்தார்கள். வாசலில் திருமேனிநாதர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சிவசிவா! செத்த மாட்டுத் தோல் சபைக்குள்ளா? மஞ்சள் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவைத்துச் சுத்தி செய்தால்தான் உள்ளே விடுவேன்."

"சாமி, கொதிச்சா கெட்டுப் போயிடும்," என்றான் உடையாண்டி.

"ஆசாரம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வாசலிலேயே கொப்பரை ஏற்றி அதில் போட்டார்கள். மெழுகு உருகி மேலே மிதந்தது. தோல், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டது. அதை வைக்கோல் பொம்மைக்குக் கட்டி அம்பு விட்டால், முதல் அம்பிலேயே படாரென்று உடைந்தது.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "என்னை ஏமாற்றவா பார்த்தீர்கள்?"

"மகாராஜா, கொதிக்கவைத்ததால்தான்..." என்று உடையாண்டி ஆரம்பித்தான்.

"சுத்தி செய்ததைக் குறை சொல்கிறாயா? நாளைக்கு நீயும் உன் ஆட்களும் வெறும் மார்போடு முன்வரிசையில் நில்லுங்கள்!"

இது நியாயமா? இரும்பைக் கூண்டாக்கியவன் ஒருவன், தோலை வேகவைத்தவன் ஒருவன், அம்பு வாங்குகிறவன் மட்டும் மூன்றாமவன்!

காத்தாயி காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ராசா, என் புருசன் சாகப் பயந்தவன் இல்லை. அம்புக்குச் சாகட்டும். இந்த ஐயரு அடுப்புக்கு ஏன் சாகணும்?"

சாத்தப்பன் மெல்ல எழுந்தார்.

"அம்மா, சும்மா இரு. அதிகாரி சொன்னதில் தப்பே இல்லை." காத்தாயி அவரை முறைத்த முறைப்பில் வேறு ஆளாக இருந்தால் உட்கார்ந்திருப்பார். அவர் திருமேனிநாதர் பக்கம் திரும்பினார். "ஐயா, கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் நல்ல தோலை ஒன்றும் செய்யாதில்லையா?"

"செய்யவே செய்யாது! கெட்டதென்றால், செய்தவன் திருடன் என்று அர்த்தம்."

"அப்படிச் சொல்லுங்கள். எனக்கு ஒரே குறைதான். சபையில் இன்னும் சில தோல்கள் சுத்தியாகாமல் இருக்கின்றன. மகாராஜா உட்கார்ந்திருப்பது பாட்டனார் வேட்டையாடிய புலித்தோல்..."

"அது ராஜபரம்பரைத் தோல்!" என்று பதறினார் திருமேனிநாதர்.

"சரி, அது கடைசியில். முதலில் உங்கள் மான்தோல் ஆசனம். ஆசாரம் உங்களிடமிருந்து தொடங்குவதுதானே முறை? யாரப்பா அங்கே, கொப்பரையில் போடு!"

சேவகன் வந்து இழுத்தான். திருமேனிநாதர் மான்தோலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். சேவகன் விடாமல் தோலோடு சேர்த்து அவரையும் வாசல் கொப்பரை வரைக்கும் இழுத்துப் போனான். கொப்பரை ஆவி முகத்தில் அடித்ததும் அவர் அலறினார்: "ஐயோ பாவி, விடுடா! கொதித்தால் சுருண்டு உடைந்துபோகுமடா!"

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ராஜா எழுந்து நின்றான். "அப்படியானால் தெரிந்தேதான் செய்தீரா?"

"மந்திரியின் யோசனை தோற்க வேண்டும் என்றுதான் மகாராஜா... ஆட்கள் சாவார்கள் என்று நினைக்கவில்லை."

"நினைக்காமல் இருந்தாராம்!" என்றாள் காத்தாயி. "போருக்குப் போறவன் வேற எதுக்குக் கவசம் கட்டுறான், கல்யாணத்துக்கா?"

ராஜா தலை குனிந்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டான். "புதுக் கவசம் காய்கிற வரைக்கும் கோட்டைக் கதவு திறக்காது. கிடங்கில் இருக்கிற தோலையெல்லாம் கொடுத்துவிடுங்கள். இந்த மனிதருக்கு இனிப் பதவி இல்லை. தோல் ஊறுகிற தொட்டியில் வேலை செய்யட்டும்!"

"வேணாம் ராசா," என்று கையைக் காட்டினாள் காத்தாயி. "எங்க தொட்டிக்கும் ஆசாரம் இருக்கு. தெரிஞ்சே தோலைக் கெடுத்த கை அதுல படக்கூடாது."

திருமேனிநாதருக்கு முகம் செத்துப்போனது.

"உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா," என்றான் ராஜா.

"ஈரத்தோலை இழுத்துக் கட்ட ஆள் பத்தலை. உங்க கை சும்மாத்தானே இருக்கு?"

ராஜா தன் கையைப் பார்த்தான். கங்கணத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு அவள் பின்னால் இறங்கி நடந்தான். ராஜாவே போகும்போது சபையார் உட்கார்ந்திருக்க முடியுமா? பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களும் கிளம்பினார்கள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தபடி சாத்தப்பனும் போனார்.

திருமேனிநாதர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவரைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மான்தோலைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆளில்லாத வாசல் வழியாக அவரும் நடந்துபோனார்.