மூன்றாவது பட்டன்

"ஒரு பிள்ளைகூட என்கிட்ட வர மாட்டேங்குது மேடம்" என்றாள் லில்லிபுஷ்பம்.

அவள் அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியின் மனநல ஆலோசகர். படித்துப் பட்டம் வாங்கியவள். தனி அறை, மின்விசிறி, மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் கொடுத்திருந்தார்கள். வாசலில் 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று பெரிய பலகை. எதிரே ஆசிரியைகளின் ஓய்வறை. ஒன்பது மாதமாக அந்த மெத்தை அமுங்கவே இல்லை.

தலைமையாசிரியை கோமதி அவளைவிட ஆறு வயது இளையவர். அதிகம் பேசாதவர். ஆனாலும் மனசு கலங்கினால் ஆசிரியைகள் அவரிடம்தான் போய் நிற்பார்கள்.

"வேற யார்கிட்ட போகுதுங்க?" என்று கேட்டார்.

"இசக்கிகிட்ட." அந்தப் பெயரைச் சொல்லவே லில்லிபுஷ்பத்துக்கு வாய் கசந்தது.

இசக்கியம்மாள் விடுதியில் துணி தைக்கிறவள், சமையலுக்கும் ஒத்தாசை. முப்பது வயது, எட்டாவது ஃபெயில். சமையல்கட்டுக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பிள்ளைகளின் சீருடைக் கோட்டுக்குப் பட்டன் தைப்பாள். அந்தப் பள்ளியில் அறுந்த பட்டன்களை எண்ணினால் ஒரு கடையே வைக்கலாம்.

"ஒன்பதாவது முத்தரசி ஒரு வாரமா சரியாச் சாப்பிடல மேடம். மூணு தடவை கூப்பிட்டு விட்டேன். 'ஒண்ணுமில்ல மிஸ்'னுட்டுப் போயிட்டா. நேத்துப் பாத்தா, இசக்கி மடியில தலைய வச்சு அழுதுக்கிட்டிருக்கா! அப்போ நான் படிச்ச படிப்பு எதுக்கு? எனக்கு வயிறு எரியுது."

"முத்தரசிக்காகவா எரியுது?"



கோமதி மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். எழுந்து வந்தார். லில்லிபுஷ்பம் சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டின் மூன்றாவது பட்டனை நறுக்கென்று வெட்டி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"போய்த் தைச்சுக்கிட்டு வாங்க."

வராந்தாவில் கணக்கு டீச்சர் வழிமறித்தாள். ஊர் விஷயம் ஒன்று விடாமல் தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

"என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு? மேடம் திட்டிட்டாங்களா? அழுதீங்களா?"

"பட்டன் அந்துபோச்சு. தைக்கப் போறேன்."

கணக்கு டீச்சர் வழிவிட்டாள். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை.

இசக்கி அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு மூட்டை மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "உக்காருங்க டீச்சர். கோட்டக் கழத்திக் குடுங்க. போட்டுக்கிட்டே தைக்கக் கூடாது."

லில்லிபுஷ்பம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் செய்ய எதுவும் இல்லை. இசக்கியின் கண் ஊசியிலேயே இருந்தது. பட்டனுக்கு நாலு ஓட்டை. இரண்டு ஓட்டை தைத்து முடிப்பதற்குள் லில்லிபுஷ்பத்தின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"உன் மேல எனக்குப் பொறாமையா இருக்கு இசக்கி."

இசக்கி நிமிரவில்லை. "சொல்லுங்க டீச்சர்."

சொன்னாள். காலியாகக் கிடக்கும் நாற்காலியைச் சொன்னாள். கதவைத் தாண்டிப் போகிற காலடிச் சத்தத்துக்கெல்லாம் நிமிர்ந்து பார்ப்பதைச் சொன்னாள். சமையல்கட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது என்பதையும், வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

இசக்கி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நானே உங்கள்ட்ட வரணும்னு இருந்தேன் டீச்சர். நேத்து முத்தரசி, 'நா இல்லாமப் போனா யாரு தேடுவாக்கா?'ன்னு கேட்டுட்டா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. மடியில போட்டுத் தட்டிக் குடுத்தேன், அவளைத் தனியா விடல. அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதுல்லா? அதுக்குத்தான நீங்க படிச்சிருக்கிய?"

"என்கிட்ட அனுப்ப வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'அந்த ரூமு வாசல்ல நின்னா எல்லா மிஸ்ஸும் பாப்பாங்கக்கா, எனக்கு என்னமோன்னு பேசுவாங்க'ங்கா."

லில்லிபுஷ்பத்தின் பொறாமை போன இடம் தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

மதிய மணி அடித்தது. கோட்டைக் கையில் பிடித்தபடி முத்தரசி வந்தாள். மிஸ்ஸைக் கண்டதும் அப்படியே திரும்பினாள்.

"எதுக்கு வந்தே முத்தரசி?"

"பட்டன்... மிஸ்."

இசக்கி எழுந்தாள். "எனக்கு அடுப்புல ஒலை கொதிக்கி. டீச்சர் தைப்பாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

லில்லிபுஷ்பம் கோட்டை வாங்கி மடியில் விரித்தாள். ஐந்து பட்டனும் இருந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஐந்தும் கெட்டியாக இருந்தன.

முத்தரசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லில்லிபுஷ்பம் இசக்கியின் கத்தரிக்கோலை எடுத்தாள். மூன்றாவது பட்டனை வெட்டினாள்.

"ஆமா, அந்துதான் இருக்கு. உக்காரு."

முத்தரசி மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். லில்லிபுஷ்பம் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். முதல் ஓட்டையில் ஊசி ஏறி இறங்கியது. இரண்டாவதிலும் ஏறி இறங்கியது.

"மிஸ்..." என்று ஆரம்பித்த முத்தரசிக்குக் குரல் உடைந்தது.

கணக்கு டீச்சர் வாசலில் தலையை நீட்டினாள். "என்னடி முத்தரசி, ஏன் அழுறே? மிஸ்கிட்ட என்ன சொல்லிக்கிட்டிருக்கே?"

"பட்டன் தைக்க வந்திருக்கா" என்றாள் லில்லிபுஷ்பம், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.