கறுப்பு முக்கோணத்தின் தலைப்பக்கம்

ஓவியத்தில் மூக்கும் முழியும் இருந்தால், அதைத் தலைகீழாக மாட்டியவனைப் பார்த்துக் குழந்தைகூடக் கைகொட்டிச் சிரிக்கும். வெறும் கோடும் கட்டமுமாக இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் வந்தது வம்பு, கேளுங்கள்.

ஞானசௌந்தரிக்கு வயது அறுபத்துமூன்று. நாற்பது வருடமாகச் சதுரம், முக்கோணம், பட்டை தவிர வேறெதையும் அவள் வரைந்ததில்லை. மரமா, மாடா, முகமா, மூச்! வேலையில் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெறும் கேன்வாஸைக் கையில் எடுத்ததும் அதன் முதுகில் நீலப் பென்சிலால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, அன்றைய தேதியை எழுதுவாள். அப்புறம்தான் கோடு நேராக வர டேப் ஒட்டுவது, வண்ணம் பூசுவது, டேப்பை உரிப்பது எல்லாம். கை எட்டாத மூலை வந்தால் கேன்வாஸையே சுற்றித் திருப்பிக்கொள்வாள். கடைசி டேப்பை உரித்த பிறகு ஒரு வாரம் அதைச் சுவரில் சாய்த்து வைத்து முறைத்துக்கொண்டிருப்பாள். மனம் ஒப்பினால்தான் பின்சட்டத்தில் இரண்டு பித்தளைக் கொக்கிகளைத் தன் கையாலேயே திருகுவாள். அந்த வேலையில் வேறு யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள்.

அவளுடைய நாற்பத்தோராவது வயதில், புருஷன் விட்டுவிட்டுப் போன வருடம், ஒரு படம் முடித்தாள். வெளிர் மஞ்சள் பரப்பில் ஒரே ஒரு கறுப்பு முக்கோணம். அதை டெல்லிக் கண்காட்சிக்கு லாரியில் அனுப்பிவிட்டு டைஃபாய்டில் படுத்துவிட்டாள். அங்கே கூர்முனை கீழே இருக்கத் தொங்கிய அந்தப் படத்தை விமர்சகர் கருணாமூர்த்தி பார்த்தார். ‘விழுகிறவள்’ என்று தலைப்புப் போட்டுப் பத்திரிகையில் ஆறு பக்கம் எழுதித் தள்ளினார். கைவிடப்பட்ட பெண் பாதாளத்தில் விழுகிறாளாம்! கட்டுரை பிரபலமாயிற்று, கூடவே அவளும் பிரபலமானாள். அவள் எழுந்து நடமாடுவதற்குள் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்காரர் ஹபீபுல்லா படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கட்டுரையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைக் கேட்டு என்னை விழ வைத்தான் இந்த ஆள்? போதாததற்குக் கருணாமூர்த்தி மேடைக்கு மேடை, “நான் எழுதலேன்னா அந்தம்மாவை யாருக்குத் தெரியும்?” என்று பேசிக்கொண்டு திரிந்தார். போன மாதம் அவளுடைய புதுப் படங்களைப் ‘பாத்ரூம் டைல்ஸ்’ என்று எழுதினார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சென்னையில் அவளுடைய நாற்பது வருடப் படங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி. திறப்பு விழா நாள் காலை. படம் மாட்டும் தனபாலன், ஆம்பூரிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, முக்கோணத்தைக் குப்புற வைத்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து அதன் முதுகைப் பார்த்தாள் ஞானசௌந்தரி.

“தனபாலா, நிறுத்து!”

கொக்கிகள் ஒரு பக்கம் இருந்தன. நீல அம்பு அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அடப்பாவிங்களா! இத்தனை வருஷமா தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்களே! இது மலைய்யா, மலை! விழற பொம்பளை இல்லே!” அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தைத் திருப்பி மாட்டிவிட்டால் கருணாமூர்த்தியின் ஆறு பக்கமும் சுண்டல் மடிக்கத்தான் ஆகும். இந்த ஒரு நாளுக்காகத்தானே அவள் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்!

சத்தம் கேட்டு, விழாவில் பேச வந்திருந்த கருணாமூர்த்தியே வந்து நின்றார். அம்பைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் சாகவில்லை.

“ஊரே பார்த்தது இப்படித்தான். நான் எழுதினப்பவே அது ‘விழுகிறவள்’ ஆயிடுச்சு. திருப்பினா அது வேற படம்.”

“உங்க ஆறு பக்கத்துக்காக என் படம் தலைகீழாத் தொங்கணுமோ?”

படத்தோடு ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஹபீபுல்லாவும் விட்டுக்கொடுக்கவில்லை. “என் ஹால்ல இருபத்திரண்டு வருஷம் இப்படித்தாம்மா இருந்துச்சு. வாங்கினவன் நான். திருப்புறதா இருந்தா இப்பவே வண்டியில ஏத்திடுவேன்.”

நடுவில் தனபாலன் தலையைச் சொறிந்தான். “அம்மா, திருப்பணும்னா கொக்கியைக் கழட்டி அந்தப் பக்கம் புதுசா துளை போடணும். அங்க ஒரு துளைகூடக் கிடையாது. போடட்டுமா?”

“நீ தொடாதே, நானே போடறேன்!” என்று திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தாள் ஞானசௌந்தரி.

இப்போது சொல்லுங்கள். வரைந்தவள் திருப்பு என்கிறாள். எழுதியவரும் வாங்கியவரும் கூடாது என்கிறார்கள். படம் எந்தப் பக்கமாகத் தொங்க வேண்டும்? மூவரில் யார் சொன்ன காரணம் சரி?

விடை: கூர்முனை கீழேதான் இருக்க வேண்டும். ஆனால் மூவர் சொன்ன காரணமும் தப்பு. அம்பு, கேன்வாஸில் ஒரு பொட்டு வண்ணம்கூட விழாதபோது போட்டது. கொக்கி, படம் முடிந்து ஒரு வாரம் பார்த்துப் பார்த்துத் திருகியது. எதிர்ப் பக்கத்தில் துளையே இல்லை என்றால், கொக்கியை யாரும் இடம் மாற்றவில்லை என்றுதானே அர்த்தம்? முக்கோணத்தைத் திருப்பி வைத்ததே அவள்தான். கருணாமூர்த்தி மேலிருந்த கோபத்தில் தன் கை செய்ததையே மறந்து போனாள். திருப்புளி கொக்கியில் பட்டதும் அது அவளுக்கே உறைத்தது. திருப்புளியைத் தனபாலனிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “இருக்கிறபடியே மாட்டுப்பா” என்றாள். கருணாமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

“சிரிக்காதேய்யா!” என்று எழுந்தாள் அவள். “அதைக் கூர்முனையில நிக்க வெச்சது நான். இருபத்திரண்டு வருஷமா நிக்குது, நல்லாப் பாரு. எங்கேய்யா விழுந்துச்சு?”