மடித்த இலைக்குள் பரங்கிக்காய்

குளத்தங்கரையில் கரடி ஒன்று காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் மதியச் சோறு போட்டுவந்தது. பெற்றவர்கள் இரை தேடிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதுவரை குட்டிகளைச் சுற்றி முள்வேலி, நடுவில் கரடியத்தை!

அத்தைக்கு மனசு பெரிசு. வாய் அதைவிடப் பெரிசு! "உட்காரு! பேசாதே! தின்னு!" என்று ஒரு அதட்டுப் போட்டால் போதும், முயல்குட்டி பஞ்சு, பக்கத்தில் எந்தப் பொந்து இருக்கிறதோ அதற்குள் பாய்ந்துவிடும். அப்புறம் பின்னங்காலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

தினமும் தினைச் சோறு. தினமும் பரங்கிக்காய்க் கூட்டு. வேலியோரமே பரங்கி காய்த்துக் கிடக்கிறது, வேறு காய்க்கு யார் அலைவது?

"அத்தை, வேற காயே கிடையாதா?" என்று மான்குட்டி செவலை ஒருநாள் கேட்டுவிட்டது.

"பரங்கிக்காய்க்கு என்னடி குறைச்சல்? நாக்கு ரொம்ப நீளுதே! சாப்பிட்டு இலையை மடி!"

இலையை மடித்தால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். குட்டிகளும் மடித்தன. சோற்றையும் கூட்டையும் அப்படியே உள்ளே வைத்து மடித்தன! அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எல்லா இலையும் மடிச்சாச்சு! என் கைப்பக்குவம் அப்படி!" என்று சொல்லிக்கொண்டே, வேலிச் சந்து வழியாக இலைகளை வெளியே இருந்த குழியில் தள்ளிவிட்டது. ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையே!

நரி பிரித்துப் பார்த்தது.

"அடி சக்கை! போட்ட சோறு போட்டபடி இருக்கு! அப்போ உள்ளே அத்தனையும் பட்டினி!" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது. வேலிச் சந்தில் ஒரு வெள்ளரிப் பிஞ்சை வைத்துவிட்டுப் போனது. மறுநாள் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் புதருக்குப் பக்கத்தில் ஒரு பிடி அவரைக்காய்.

ஒரு மதியம் இலை போட்டபோது பஞ்சுவின் இடம் காலியாக இருந்தது.

"பஞ்சு எங்கே?"

குட்டிகள் தலையைக் குனிந்துகொண்டன. அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. "வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

செவலை அழுதுவிட்டது. "வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாமா தினம் தினம் வேற வேற காய் தர்றாராம். பஞ்சுவுக்குப் பசி தாங்கலை அத்தை!"

"எந்த மாமா?"

"வால் பெரிசா இருக்கிற மாமா!"

ஐயோ! அத்தை சந்தில் நுழையப் பார்த்தது. உடம்பு நுழையவில்லை. தானே கட்டிய முள்வேலியைத் தானே பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தது. விழுந்த இடம் இலைக்குழி. கை பட்டு ஓர் இலை பிரிந்தது. உள்ளே பரங்கிக்காய். இன்னொன்றைப் பிரித்தது. அதிலும் பரங்கிக்காய்! நெஞ்சு பொறுக்காமல் பஞ்சுவின் காலடித் தடத்தைப் பிடித்துப் புதரை நோக்கி ஓடியது.

புதருக்குப் பின்னால் நரி தன் குகை வாசலில் நின்றிருந்தது. "உள்ளே பீர்க்கங்காய் இருக்கு, கோவைக்காய் இருக்கு. வா, கண்ணு!" பஞ்சுவின் ஒரு கால் வாசலுக்குள் போயாயிற்று.

அத்தை உறும வாயைத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டது. அதட்டினால் பஞ்சு பொந்துக்குள் அல்லவா பாயும்? பக்கத்தில் இருக்கிற பொந்து நரியின் குகை! பிறந்தது முதல் பேசாத மெல்லிய குரலில் அத்தை கேட்டது:

"பஞ்சு... நாளைக்கு உனக்கு என்ன காய் வேணும்டா?"

பஞ்சுவின் காது விறைத்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தது. "நிஜமாவா கேக்குறீங்க?"

"நிஜமாத்தான், ராசா."

"பரங்கிக்காய் இல்லாம?"

"நீ சொல்ற காய்தான். இங்கே வந்து என் காதுல சொல்லு."

"பொய்! நம்பாதே!" என்றது நரி. பஞ்சு அத்தையைப் பார்த்தது, குகையைப் பார்த்தது. காலை வெளியே எடுத்து ஓரடி வந்தது. இன்னும் ஓரடி. நரி பாய்ந்தது! அத்தையின் கை அதைவிட வேகமாகப் பாய்ந்தது. ஒரே அறை! நரி உருண்டு போய் முட்புதரில் விழுந்தது.

நொண்டிக்கொண்டே எழுந்த நரி சும்மா போகவில்லை. "கரடியக்கா, குட்டிங்க பசியோட இருக்குன்னு எனக்கு யார் சொன்னது தெரியுமா? நீ தள்ளிவிட்ட இலைதான்!"

அத்தை பஞ்சுவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது.

அன்று சாயங்காலமே பெற்றவர்களிடம், "வரும்போது ஆளுக்கு ஒரு பிடி காய் பறிச்சுட்டு வாங்க" என்று கேட்டுக்கொண்டது. மறுநாள் இலையில் வெள்ளரி. அதற்கு மறுநாள் அவரைக்காய்ப் பொரியல், பிறகு பீர்க்கங்காய், கோவைக்காய். நாள்பட ஒரு மதியம் பஞ்சுவே கேட்டது: "அத்தை, பரங்கிக்காய் எங்கே? பார்த்து ரொம்ப நாளாச்சே!"

அன்றைக்குப் பரங்கிக்காய்க் கூட்டு. குட்டிகள் இலையை மடித்தன. அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. எல்லா இலையும் காலி!

நம் பிள்ளையின் பசியை நாம் பார்க்கத் தவறினால், அதை நரி பார்த்துவிடும்.