எட்டு வண்டி உமிக்கரி

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் கழிவுநீர் பாய்ந்து கெட்ட வயல்கள் உண்டு. மண்ணில் குரோமியம். விதை முளைக்கும், மஞ்சளாகும், செத்துப்போகும். அந்த மண்ணில் முதன்முதலில் நஞ்சில்லாத கேழ்வரகு விளைவிப்பவருக்கு ஒரு சினைப்பசு என்று விவசாயிகள் சங்கம் அறிவித்தது.

வரப்புக்கு இந்தப் பக்கம் கஸ்தூரி வயல், அந்தப் பக்கம் ரேணுகா வயல். ரேணுகாவின் கோழி முட்டையிட்டால் கஸ்தூரி தன் கோழியைத் திட்டுவாள். பசுவும் அவள் வீட்டுக்கே போய்விடுமோ என்ற நினைப்பில் கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ரேணுகா மூன்று நாள் போயிருந்தாள். கஸ்தூரி வண்டி பூட்டினாள். இடது சக்கரம் ஆடும் வண்டி; போன வழியெல்லாம் பாம்பு நெளிந்த மாதிரித் தடம் விழும். அரிசி ஆலைக்குப் பின்னால் குவிந்திருந்த உமிக்கரியை எட்டு நடை அள்ளிவந்து ரேணுகாவின் வெறும் வயலில் கொட்டினாள். 'இனி இங்க புல்லு முளைக்கட்டும், பார்க்கறேன்!'

ரேணுகா திரும்பினாள்.

"இன்னா ரேணு, வயலுக்கு மை பூசிட்டாங்களா?" என்று வரப்பிலிருந்து கேட்டாள் கஸ்தூரி.

"யாரோ நல்ல மனசுக்காரங்கக்கா." ரேணுகா குனிந்து வரப்போரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏர் கட்டி, கரியை மண்ணோடு மடக்கி உழுது விதைத்தாள்.

கஸ்தூரியின் கேழ்வரகு வழக்கம்போல் மஞ்சளானது. ரேணுகாவுடையதோ கரும்பச்சையாக நின்றது. ஒவ்வொரு கதிரும் கஸ்தூரியின் கண்ணில் குத்தியது.

வேளாண் கல்லூரி மாணவி நளினி மண்ணையும் தானியத்தையும் சோதித்தாள். சங்கக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாகப்பட்டது, கருகிய உமி குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, வேருக்கு விடவில்லை. தானியம் சுத்தம். காரணத்தைக் கண்டுபிடித்தது நான். எங்கள் கல்லூரித் தொழுவமும் காலியாகத்தான் இருக்கிறது" என்றாள்.

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கரியக் கொட்டினதே நான்தான்! பசு எனக்கு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"எதுக்கும்மா கொட்டின?" என்றார் சங்கத் தலைவர்.

"ஒத்தாசைக்கு."

"சொல்லவேயில்லையேக்கா?" என்றாள் ரேணுகா.

"அது... சர்ப்பிரைஸு!"

கொட்டியவள் ஒருத்தி, உழுதவள் ஒருத்தி, காரணம் கண்டவள் ஒருத்தி. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பசு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரேணுகாவுக்கு. நளினி வருவதற்குள் பயிர் விளைந்துவிட்டது. அவள் கண்டது ஊருக்கெல்லாம் உதவும், ஆனால் பந்தயம் விளைச்சலுக்குத்தான். கஸ்தூரிக்குக் கரி நல்லதென்று தெரிந்திருந்தால் முதல் நடையைத் தன் மஞ்சள் வயலில் அல்லவா கொட்டியிருப்பாள்? ரேணுகாவோ நெளிந்த தடத்தைப் பார்த்தாள், யார் வேலை என்று புரிந்துகொண்டாள். சண்டைக்குப் போகாமல் ஏரைக் கட்டினாள். பசுவை ஓட்டிக்கொண்டு கஸ்தூரி வீட்டைக் கடக்கும்போது வாசலில் நின்று குரல் கொடுத்தாள்:

"யக்கா, எனக்கு மேட்டு நிலம் ஒண்ணு சும்மாக் கிடக்குது. அதுக்கும் ஒரு எட்டு வண்டி பொறாமைப்படேன்!"