நாக்கு காய்ந்தவர்களுக்கு மட்டும்

“கதவைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, அம்மா,” என்றார் சிவகுருநாதன்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர் அவருடைய குரு, செண்பகத்தம்மை. ஆசிரமம் அவருடையது. கதவு அவருடையது. உள்ளே இருந்த கிணறும் அவருடையதுதான்.

“வேறு யாருக்கு இருக்கிறது?” என்று கேட்டார் அம்மை.

சிவகுருநாதன் நெற்றியைத் தடவிக்கொண்டார். அதுதான் அவருக்கும் விளங்கவில்லை.

அம்மையின் தோளில் ஓர் ஆள் சாய்ந்துகொண்டு நின்றார். நின்றார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. தொங்கினார். ஆடு மேய்க்கிற இருளாண்டி. காலையில் தண்ணீர் கேட்டு வந்து, கிடையாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். போகிற வழியில் சுருண்டு கிடந்தவரை, யாத்திரை முடிந்து வந்துகொண்டிருந்த அம்மை கண்டு, தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த வருஷத்து வெயில் அப்படி. கழுதைகளெல்லாம் வெளுத்துப்போய், வெள்ளைக் குதிரை என்று சந்தையில் விலை போயின. தவளைகளுக்கு நீச்சல் மறந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் தண்ணீர் இருந்தது இந்த ஒரே கிணற்றில்தான்.


ஆசிரமம் தொடங்கிய நாளில் அம்மை ஒரே ஒரு சட்டம் போட்டார்.

“வந்தவர் தாகத்தோடு திரும்பக் கூடாது.”

அவ்வளவுதான். பிறகு சிவகுருநாதன் பக்கம் திரும்பி, “மற்ற ஏற்பாட்டுக்கெல்லாம் நீங்களே விதி செய்துகொள்ளுங்கள், ஐயா,” என்றார்.

அம்மைக்குச் சிவகுருநாதனின் மகள் வயதுதான் இருக்கும். அவரோ சட்டத்துறையில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று வந்து சேர்ந்த சீடர். சட்டமன்றத்தில் ஒரு சட்டம் போடுவார்கள். அதன் கடைசியில் ‘இதற்கான விதிகளை அரசு செய்யலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தலையணை உயரத்துக்கு விதி எழுதுவது அவருடைய உத்தியோகம். தீப்பெட்டிக்குள் குச்சி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று எழுதியதே அவர்தான் என்பார்கள்.

மோட்சம் தேடி வந்த இடத்திலும் அதே வரி எதிரே வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வார்? எழுதினார்.

வரிசையில் நிற்க வேண்டும். தண்ணீர் வாசலைத் தாண்டக் கூடாது; சிலர் குடத்தில் கொண்டுபோய் விற்றார்கள். வந்த ஆளுக்கு மெய்யாகவே தாகம்தானா என்று வாசற்காவலர் நாக்கைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். சிலர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார்கள். மறுக்கப்பட்டவர் அன்றைக்கு மறுபடி வரக் கூடாது. மறுக்கப்பட்டவரை அழைத்து வருகிறவரும், யாராயினும், மறுக்கப்பட்டவரே. சிலர் சித்தப்பா பெரியப்பாவைச் சிபாரிசுக்குக் கூட்டி வந்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எழுதும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு விதியைப் புதிதாகச் செய்தாலும் சரி, பழையதை மாற்றினாலும் சரி, கூடத்தில் விளக்கேற்றி அம்மையின் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். விளக்கு அணைவதற்குள் அம்மை தலையை ஆட்டி வேண்டாம் என்றால் அது ரத்து. ஆட்டாவிட்டால் விதி. அம்மை எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தியானமா தூக்கமா என்று ஆசிரமத்தில் யாருக்கும் தெரியாது. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

இதுவரை ஒன்றும் ரத்தாகவில்லை.


“இவரை எதற்காகத் திருப்பி அனுப்பினீர்கள்?” என்று கேட்டார் அம்மை.

வாசற்காவலர் ஒச்சப்பன் முன்னால் வந்தார். நல்ல உயரமான ஆள். அவர் திரும்பி முடித்த பிறகுதான் அவருடைய மீசை திரும்பும். வேலைக்குச் சேர்ந்த வாரமே விதிகளை மனப்பாடம் செய்தவர். எழுதிய சிவகுருநாதன் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

“நாக்கு ஈரமா இருந்துச்சுங்கம்மா,” என்றார். “நல்லா செவசெவன்னு, பளபளன்னு இருந்துச்சு. தாகத்துக்கு அத்தாட்சி இல்லைங்க.”

“வெத்தலை போட்டிருந்தேன் தாயி,” என்று முனகினார் இருளாண்டி. “தாகம் தாங்காமத்தான் போட்டேன்.”

“பாத்தீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு.”

“என்னத்த ஒத்துக்கிட்டேன்? என் ஆட்டையெல்லாம் உள்ள விட்டீரே, அதுக நாக்கைப் பாத்தீரா?”

“விதியில ‘ஆள்’னுதான் போட்டிருக்கு. ‘ஆடு’ன்னு போடலை.”

உண்மைதான். கிணற்றடித் தொட்டியில் இருளாண்டியின் ஆடுகள் காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தன. அவை நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அதில் ஒரு கிடா கதவோரமாக வந்து நின்று, கம்பி வழியாகத் தன் எஜமானரைப் பார்த்து நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

“இதுக்குத்தான் உன்னை வளத்தேன்,” என்றார் இருளாண்டி.

சிவகுருநாதனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“அம்மா, முதலில் நீங்கள் உள்ளே வாருங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்தார். “ஐயா… மறுக்கப்பட்டவரை அழைத்து வருகிறவரும்…”

“தெரியும்! அதை எழுதியதே நான்தான்.”

“அதனாலதான் ஞாபகப்படுத்துறேன்.”

“இது அம்மா, ஒச்சப்பா!”

“‘யாராயினும்’னு எழுதியிருக்கீங்களே ஐயா. அந்த ஒரு வார்த்தையைப் போடாம விட்டிருக்கலாம்.”

“அது வழக்கமாகப் போடுவதுதானே,” என்றார் சிவகுருநாதன். குரல் இறங்கிவிட்டது. பிறகு ஏதோ வழி கிடைத்தவர்போல் நிமிர்ந்தார். “சரி. அந்த விதியை நான் இந்த நிமிஷமே ரத்து செய்கிறேன்.”

“தாராளமா செய்ங்க. கூடத்துல விளக்கேத்தி அம்மா முன்னாடி படிக்கணும்.”

“இதோ படிக்கிறேன்.”

“படிக்கும்போது அம்மா கூடத்துல இருக்கணும்.”

“அம்மாதான் வெளியே நிற்கிறாரே!”

“அதேதாங்க. அம்மா உள்ள வந்தா விதியை மாத்தலாம். விதியை மாத்தினா அம்மா உள்ள வரலாம்.”

ஒச்சப்பன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் மீசை நுனிவரை வேர்த்திருந்தது.

சிவகுருநாதன் அந்த இரண்டு வாக்கியத்தையும் மனசுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எதில் ஏறினாலும் அது ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது.


“நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா.”

“எந்த அதிகாரத்தில் சொல்லட்டும்? அதைத்தான் உங்களிடம் கொடுத்துவிட்டேனே, ஐயா.”

“அத்தனை விதியையும் உங்கள் முன்னால்தானே படித்தேன்? ஒரு தடவையாவது தலையை ஆட்டியிருக்கக் கூடாதா?”

“படித்தீர்களா?” என்றார் அம்மை.

ஆசிரமத்தில் ஒருவரும் கேட்கத் துணியாத கேள்வி சிவகுருநாதனை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அம்மா, அது தியானமா, தூக்கமா?”

“நீங்கள் விதி படிக்கிற குரலில் இரண்டும் ஒன்றாகிவிடும், ஐயா.”

அதற்குள் இருளாண்டி அம்மையின் தோளிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

“வெத்தலையை எப்பவோ துப்பிட்டேன் சாமி. இப்பப் பாரும்.”

நாக்கை நீட்டினார். ஒச்சப்பன் குனிந்து கம்பி வழியாக வெகு கவனமாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“காஞ்சுபோச்சுங்க ஐயா. வெடிச்சிருக்குங்க. இப்படி ஒரு நாக்கை நான் இந்த வாசல்ல பாத்ததே இல்லை.” எச்சிலை விழுங்கினார். “ஆனா இன்னைக்கு ஒரு தடவை மறுத்தாச்சுங்களே.”

நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள இருளாண்டிக்குச் சத்து இல்லை. கண் செருகியது. தலை அம்மையின் மடியில் விழுந்தது. அம்மை முந்தானையால் விசிறினார். அவரும் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

சிவகுருநாதன் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

“திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா! எனக்கு இந்த அதிகாரமே வேண்டாம். நீங்கள் கொடுத்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்!”

அம்மை கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார்.

“கொடுங்கள்.”

சிவகுருநாதன் விழுந்தடித்து ஓடினார். விதிக்கட்டை எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தார்.

அம்மையின் விரல்கள் மடங்கவில்லை. கட்டு சரிந்து கீழே விழுந்தது.

“இது நீங்கள் எழுதியது, ஐயா. நான் கொடுத்ததைக் கொடுங்கள்.”

ஒச்சப்பனின் இடுப்பிலிருந்து சாவியைப் பறித்து அந்தக் கையில் வைத்தார்.

“இது கொல்லர் செய்தது.”

சாவியும் விழுந்தது. கை அப்படியே நீண்டிருந்தது.

சிவகுருநாதன் மடியைத் தடவினார். மேல்துண்டை உதறிப் பார்த்தார். அம்மை என்னதான் கொடுத்தார்? அன்றைக்கு ஒரு காகிதம்கூடக் கை மாறவில்லை. உத்தரவில்லை, முத்திரையில்லை. வெறுமனே ஏதோ சொன்னார். என்னவோ சொன்னாரே. இத்தனை விதிக்கும் அடியில் அது எங்கே போய்ப் புதைந்தது?

“வந்தவர்…” என்று ஆரம்பித்தார். மறுபடி ஆரம்பித்தார்.

“வந்தவர் தாகத்தோடு திரும்பக் கூடாது.”

ஒச்சப்பன் சட்டென்று திரும்பினார். “இது என்னதுங்க ஐயா?”

“சட்டம்.”

“எத்தனையாவது விதி?”

“விதியில்லை, ஒச்சப்பா. சட்டம். இதற்குக் கீழேதான் எல்லா விதியும்.”

“இப்படி ஒண்ணு இருக்கா?” ஒச்சப்பனின் வாய் திறந்தபடி நின்றது. “என்கிட்ட யாருமே சொல்லலையே!”

சிவகுருநாதன் கீழே கிடந்த கட்டைப் பார்த்தார். முதல் ஏட்டின் முதல் வரி, ‘அம்மை எனக்கு அளித்த அதிகாரத்தைக் கொண்டு’ என்றுதான் ஆரம்பித்தது. அம்மை எதற்காக அளித்தார் என்பதை அவர் எழுதவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருந்தார்.

அவர் நிமிர்வதற்குள் சாவி பூட்டுக்குள் கரகரத்தது. கதவு அகலத் திறந்தது. ஒச்சப்பன் இருளாண்டியை ஓர் ஆட்டுக்குட்டியைப் போலக் கையில் அள்ளிக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடினார். குறுக்கே நின்ற ஆடுகள் தளும்பிக்கொண்டு விலகின. வாளி இறங்கியது. ஏறியது.

அம்மை பின்னாலேயே போய், இருளாண்டியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். ஒச்சப்பன் துளித்துளியாக வாயில் விட்டார். முதல் வாய் கடைவாயோரம் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதற்குத் தொண்டைக்குழி மெல்ல அசைந்தது.

“இன்னும்,” என்றார் இருளாண்டி.

சிவகுருநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முட்டட்டும். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். திரும்பவும் கதவைப் பார்த்தார். அடக்கிப் பார்த்து, முடியாமல் கேட்டுவிட்டார்.

“ஒச்சப்பா, கோபித்துக்கொள்ளாதே. எந்த விதிப்படி திறந்தாய்?”

ஒச்சப்பன் சொம்பும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார். பிறகு அம்மையைப் பார்த்தார்.

அம்மை இருளாண்டியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாளைக்கு ஐயா எழுதப்போகிற விதிப்படி,” என்றார்.